பள்ளியில் பிள்ளையை அடித்தால்: நீலகிரியில் புகார் கொடுக்கும் முறை

காயத்தை அன்றைக்கே படம் எடுங்கள். பிரம்புத் தடம் சீக்கிரம் மங்கிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் நீளம் தெரியும். அரசு மருத்துவமனையில் காட்டி, ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மனுவில் தேதி, வகுப்பு, அடித்தவர் பெயர், பிள்ளை சொன்ன வார்த்தைகள் அப்படியே இருக்கட்டும். பள்ளியில் அடிப்பதைத் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 என்று மட்டும் எழுதிவிட்டுப் பலர் சறுக்குகிறார்கள். அது 6 முதல் 14 வயது வரைக்குத்தான். ஊட்டி, குன்னூரில் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளும் உண்டு; 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அவற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால், தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75-ஐயும் கட்டாயம் சேருங்கள்.

ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பந்தலூரிலிருந்து அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் துளைக்காதீர்கள். பயம் கூடும், சொல்லும் விவரமும் மாறும்.