பல மருத்துவர்களிடம் செல்லும் சிறப்புக் குழந்தைக்கு ஒரு பக்கக் குறிப்பு

குழந்தையின் மருத்துவக் கோப்பில் முதல் தாளாக ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்துவிடுங்கள்: நோயின் பெயர், எடை (எடுத்த தேதியுடன்), ஒவ்வாமை, அறுவை சிகிச்சைகள், கொடுக்கும் மருந்துகள், பார்க்கும் மருத்துவர்களின் தொலைபேசி எண்கள். அதைக் கைப்பேசியிலும் படமெடுத்து வையுங்கள்.

நரம்பியல் மருத்துவர் எழுதியது குழந்தை மருத்துவருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் தானாகப் போய்ச் சேருவதில்லை. வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தைக்கு வேறொரு மருத்துவமனையில் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால், ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவு சட்டென்று இறங்கி வலிப்பு திரும்பலாம். மருந்துப் பட்டியல் கண்ணில் பட்டால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். சிரப் என்றால் ‘5 மி.லி.’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே மருந்து வெவ்வேறு செறிவில் விற்கப்படுவதால், 5 மி.லி.யில் எத்தனை மி.கி. என்பதைப் பாட்டிலைப் பார்த்து எழுதுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

மருந்துக் கடையிலும், காப்பீட்டுக்கும், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் இந்தத் தாள் செல்லாது. மருத்துவர் தந்த அசல் சீட்டும் அறிக்கைகளும் வேண்டும். மருந்தின் அளவு மாறிய அன்றே தாளைத் திருத்த முடியாதவர்கள் இதை வைத்திருக்கவே வேண்டாம், பழைய அளவு குழந்தைக்கு ஆபத்து.