சம்பாக் கோயிலின் மனிதர்களைத் தேடும் முறை

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள, சம்பாக் கோயில் எனவும் அழைக்கப்படும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தோடு தொடர்புடைய மக்களின் வரலாற்றை எழுத முற்படுவோர், எந்தக் காலத்துக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சேசு சபையினர் 1692-இல் எழுப்பிய முதற்கோயில் மறு ஆண்டே டச்சுக்காரர் படையெடுப்பில் அழிந்தது. பின்னர் எழுந்த கோயிலை 1761-இல் ஆங்கிலேயர் இடித்தனர். இன்று காணும் கோயில் 1791-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய எந்த நிகழ்ச்சியையும் இன்றைய தூண்களுக்கிடையே நடந்ததாக வருணிக்கலாகாது.

அடுத்து, 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அதில் ‘சம்பாக் கோயில்’ என்ற பெயரையே தேடுக. தமிழ் வருஷத்தையும் மாதத்தையும் ஆங்கிலத் தேதியோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்க. கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து நிறுத்திய சுவர் 1745-இல் அவர்கள் முறையிட்டதால் அகற்றப்பட்டதும், அதனால் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததும், 1748-இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஆட்சியில் அருகிலிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதில் பதிவாகியுள்ளன. இவ்விரண்டையும் விட்டுவிட்டுத் திருவிழாச் சிறப்பை மட்டும் எழுதுவது வரலாறாகாது. பிள்ளை வைணவர்; துபாஷியாக (பிரெஞ்சுக்காரரின் மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும்) இருந்த கிறிஸ்தவரான கனகராய முதலியாருக்குப் போட்டியாளராகவும் இருந்தவர். எனவே, கண்டதாக அவர் எழுதியதையும் பிறர் சொல்லக் கேட்டதாக எழுதியதையும் பிரித்தறிதல் அவசியம்.

எளிய மக்களின் பெயர்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளிலேயே கிடைக்கும். அக்காலத்தில் ஐரோப்பியருக்குக் கப்புச்சின் சபையினரும் தமிழருக்குச் சேசு சபையினரும் ஞானப்பணி செய்தமையால், யாரைத் தேடுகிறோமோ அதற்கேற்ற பதிவேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரெஞ்சு எழுத்தில் சிதைந்து தோன்றும் தமிழ்ப் பெயர்களை உரக்கப் படித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஞானப் பெற்றோர், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொண்டால், உறவும் அண்டையும் தாமாகவே புலப்படும்.

19-ஆம் நூற்றாண்டுக்கு மிஷன் அச்சுக்கூட நூல்கள் உதவும். முசே, துய்ப்புய் பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதியின் முதற்பகுதி 1855-இல் அங்கே அச்சாயிற்று; 1844-இல் கன்னியர் சபை ஒன்றை நிறுவிப் பெண்கல்விக்கு வழிகோலியவரும் அதே துய்ப்புய்தான்.

இறுதியாக, டிசம்பர் 8-ஆம் நாள் திருவிழாவை ஒட்டிப் பங்கின் முதியோரைச் சந்தித்து, கொடியேற்றம், தேர், பாடற்குழு ஆகியவற்றை எந்தெந்தக் குடும்பத்தார் கவனித்து வந்தனர் என்று கேட்டு, அவர்களது இசைவுடன் மட்டும் பதிவு செய்க.