நிலநடுக்க அலையை வைத்து மேலோட்டின் தடிமனை அளப்பது எப்படி?

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி தேவனாம்பட்டினம் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. ஆனால் சுமத்ராவில் பாறை உடைந்த அதிர்வு, தரைக்கடியில் நான்கைந்து நிமிடத்திலேயே கடலூரைக் கடந்துவிட்டது. அப்படிப்பட்ட அதிர்வை வைத்து நம் காலடியில் பூமியின் மேலோடு, அதாவது வெளிப்புறப் பாறை அடுக்கு, எத்தனை கி.மீ. தடிமன் என்று வீட்டு லேப்டாப்பிலேயே கணக்கிடலாம். பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும்.

முதலில் சூட்சுமத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து கீழ்வழியாக ஏறிவரும் பி அலை (நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேரும் வேகமான அலை), மேலோடும் அதற்குக் கீழுள்ள கவசமும் சந்திக்கும் மோஹோ எல்லையைத் தொடும்போது அதில் ஒரு சிறு பங்கு மெதுவாகச் செல்லும் எஸ் அலையாக மாறிவிடும். பி நொடிக்கு 6.3 கி.மீ., எஸ் 3.6 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சாதா பஸ்ஸும் எக்ஸ்பிரஸ்ஸும் ஒரே நேரத்தில் கிளம்பினால், புதுச்சேரியில் எவ்வளவு இடைவெளி விட்டு வருகின்றன என்பதை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம் இல்லையா, அதே கணக்குதான்.

படி 1: ஆப்ஸ்பை (ObsPy), ஆர்எஃப் (rf) என்ற இரண்டு இலவசப் பைத்தான் தொகுப்புகளை நிறுவுங்கள்.

படி 2: அதிர்வைப் பதிவு செய்யும் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். நம்ம கடலூர்ப் பக்கம் வேண்டாம். திருவக்கரையில் கல்மரம் கிடக்கிறதே, அந்தக் கடலூர் மணற்கல்லும் அதன் கீழுள்ள படிவுகளும் அலையை மேலும் கீழுமாக எதிரொலிக்க வைத்து, நாம் தேடும் சிறு துடிப்பை மூடிவிடும். கெட்டிப் பாறைமேல் இருக்கும் ஐதராபாத்தின் எச்ஒய்பி (HYB) நிலையம் தொடங்குபவர்களுக்கு ரொம்பப் பொருத்தம், தரவும் இலவசம்.

படி 3: நிலநடுக்கத்தைத் தேர்ந்தெடுப்பது. பலரும் சறுக்குவது இங்கேதான். ரிக்டர் 6-க்கு மேல், நிலையத்திலிருந்து 30 முதல் 90 பாகை தூரம், அதாவது சுமார் 3,300 முதல் 10,000 கி.மீ. வரை இருக்க வேண்டும். அதைவிடக் கிட்டே என்றால் கவசத்தின் மேல்பகுதியில் வளைந்த அலைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து குழப்பும். அதனால் வட சுமத்ரா உதவாது, ஜப்பான் உதவும்.

படி 4: பி அலை வருவதற்கு 30 நொடி முன்பிருந்து, வந்த பின் 100 நொடி வரை, மூன்று திசைப் பதிவுகளையும் இறக்குங்கள். கிடைத்திசை இரண்டையும் நிலநடுக்கம் இருக்கும் திசைக்குத் திருப்பி, அந்தப் பதிவிலிருந்து செங்குத்துப் பதிவின் வடிவத்தை நீக்க வேண்டும். இதை ஆர்எஃப் தொகுப்பே செய்துவிடும்.

படி 5: இப்போது வரைபடத்தைப் பாருங்கள். பூஜ்ஜியத்தில் ஒரு உயரமான முகடு, அது நேராக வந்த பி. அப்புறம் நான்கு நொடியை ஒட்டி ஒரு சின்ன முகடு, மோஹோவில் பிறந்த எஸ் அதுதான். ஒரு நொடி தாமதத்துக்குச் சுமார் 8 கி.மீ. தடிமன் என்று பெருக்கினால் 33 கி.மீ. பக்கம் வரும். 14 நொடியருகே தெரியும் முகடு மேலோட்டுக்குள் எகிறித் திரும்பியது, அதை வேறொரு அடுக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே நிலநடுக்கத்தை நம்பாமல் ஐம்பது, அறுபதை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். இரைச்சல் அடங்க அடங்க 44-வது நொடி பக்கம் இன்னொரு மெல்லிய முகடு எழும்பும். அது 410 கி.மீ. ஆழத்தில், கவசத்தின் கனிமங்கள் அழுத்தம் தாங்காமல் வடிவம் மாறும் இடம்.