1970 ஷெவெல் எஸ்எஸ் ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருக்கிறதா? பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம்

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், பழைய மசில் கார் (பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால அமெரிக்கக் கார்) ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, பழைய கார்கள் விற்கும் ஹெம்மிங்ஸ் தளத்திலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ கறுப்புக் கோடு போட்ட சிவப்பு 1970 ஷெவ்ரொலே ஷெவெல் எஸ்எஸ் 454 (454 கன அங்குல எஞ்சின் வைத்தது) ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. ஐம்பது படம் போட்டிருக்கிறார்கள், எல்லாம் பளபளவென்று இருக்கிறது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை உங்களுக்கு உதவாது. இந்தக் காருக்கு விலை வருவது இரும்பில் அடித்த சில எண்களாலும் ஒரு பழைய தாளாலும்தான்.

காரணம் இருக்கிறது. நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஷெவ்ரொலேயின் தாய் நிறுவனமான ஜிஎம் அந்த 1970 மாடலில்தான் தளர்த்தியது. உடனே வந்தது 450 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்யப்பட்ட எல்எஸ்6 என்ற 454 எஞ்சின். அதற்கு இன்று இருக்கும் மதிப்பே வேறு. எஸ்எஸ் அல்லாத சாதாரண மாலிபு வகை ஷெவெலில் எஸ்எஸ் பேட்ஜ், எஸ்எஸ் பானெட், வேறு வண்டியிலிருந்து கழற்றிய 454 எஞ்சின் எல்லாம் மாட்டினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. இரண்டு உரிமையாளருக்கு முன்னால் யாரோ செய்ததாகவும் இருக்கலாம், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

முதலில் விஐஎன், அதாவது காரின் அடையாள எண்ணைக் கேளுங்கள். டிரைவர் பக்க டாஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாகத் தெரியும் தகட்டில் இருக்கும். தகட்டையும் அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 17 இலக்க முறை 1981இல்தான் வந்தது, இது 13 இலக்கம், அதனால் கார்ஃபாக்ஸ் மாதிரி கார் வரலாற்று அறிக்கைகளை நம்பி இருக்க முடியாது, நாமே படிக்க வேண்டும். 136 என்று தொடங்கினால் வி8 (எட்டு சிலிண்டர்) மாலிபு. அடுத்து 37 என்றால் ஹார்ட்டாப் (நடுத்தூண் இல்லாத நிலையான கூரை), 67 என்றால் கன்வெர்ட்டிபிள் (திறக்கும் கூரை), அதற்கடுத்த 0 ஆண்டைக் குறிக்கும். அந்த ஆண்டு எஸ்எஸ் ஷெவெலை வி8 மாலிபுவில் மட்டும்தான் கொடுத்தார்கள், ஆகவே 133, 134, 135 என்று தொடங்கும் ஷெவெலை எஸ்எஸ் என்று விற்றால் விளம்பரத்தை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஆனால் 136 என்று இருப்பதாலேயே அது எஸ்எஸ் ஆகிவிடாது, 307 எஞ்சின் போட்ட சாதாரண மாலிபுவுக்கும் அதே எண்தான்.

மற்ற கம்பெனிகளில் இந்த வேலை சுலபம். 1970 டாட்ஜ், பிளிமத் கார்களில் விஐஎன்னின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும்: ஆர் என்றால் 426 ஹெமி, வி என்றால் மூன்று கார்புரேட்டர் 440. 1966 முதல் 1971 வரையிலான பான்டியாக் ஜிடிஓ 242 என்று தொடங்கும்; தவிர, பிஹெச்எஸ் நிறுவனத்திடம் பணம் கட்டி பான்டியாக்கின் தொழிற்சாலைப் பதிவையே வாங்கலாம். 1967 முதலான ஃபோர்டுகளுக்குத் தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்த மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கும். ஷெவெலுக்கு அப்படி எதுவும் இல்லை, கனடாவில் விற்ற கார்களுக்கு ஜிஎம் கனடா தரும் ஆவணம் தவிர. போலிகள் இங்கே அதிகம் நடமாட இதுவே பெரிய காரணம்.

ஆகவே தாள் முக்கியம். பில்ட் ஷீட் என்று தொழிற்சாலையில் ஒட்டிய தாள், பெட்ரோல் டேங்க்கின் மேலேயோ பின் சீட் ஸ்பிரிங்கிலோ கிடைக்கும். அதில் இருக்கும் விஐஎன்னும் காரின் விஐஎன்னும் ஒன்றா என்று பாருங்கள். தாளைப் புதிதாக அச்சிட்டுத் தருபவர்களும் உண்டு, எனவே எங்கே கிடைத்தது, கிடைத்தபோது எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து எஞ்சின். பயணி பக்கம், எஞ்சினின் முன் நுனியில், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். துணியால் துடைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ படவே கூடாது. டி0325சிஆர்வி என்பது போல ஆங்கில எழுத்தில் இருக்கும்: டோனவாண்டா ஆலை, மார்ச் 25, கடைசி மூன்று எழுத்து நான்கு வேக மேனுவல் கியர்பாக்ஸோடு வந்த எல்எஸ்6 எஞ்சினைக் குறிக்கும். அதே எஞ்சினில் காரின் விஐஎன்னில் ஒரு பகுதியும் அடித்திருக்க வேண்டும். எழுத்தைவிட அதன் அடியில் இருக்கும் உலோகத்தை நன்றாகப் பாருங்கள். தொழிற்சாலை மேற்பரப்பில் மெல்லிய இணைகோடுகள் ஓடும். பளிச்சென்று வழவழப்பாக இருந்தால் இழைத்திருக்கிறார்கள், அப்புறம் புது எண் அடித்திருக்கலாம். எஞ்சின் பிளாக்கில், அதாவது அதன் முக்கிய வார்ப்பில், வார்ப்புத் தேதியும் இருக்கும். வார்ப்பு, பிறகு எஞ்சின் பூட்டிய தேதி, பிறகு கார் தயாரான வாரம், இந்த வரிசை மாறவே கூடாது. 'நம்பர்ஸ் மேட்சிங்' (காரோடு வந்த அசல் எஞ்சின்) என்று எழுதியிருந்தால் அதோடு விடாதீர்கள், சிலர் தேதி ஒத்துப்போனாலே அப்படி எழுதிவிடுகிறார்கள். "பிளாக்கில் இருக்கும் விஐஎன் இந்தக் காருடையதா?" என்று நேராகக் கேளுங்கள்.

துருவுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள்: முன்கண்ணாடியின் அடி, பின்கண்ணாடியைச் சுற்றிய பள்ளம், டிக்கியின் தரை, பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகடு, பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் ஃப்ரேம் வளையும் இடம். வினைல் கூரை போட்ட காரென்றால் சந்தேகத்தோடேயே தொடங்குங்கள், அடியில் ஈரம் தங்கும். காரின் அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குப் பிடிக்காது. நேரில் போனால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கலாம். பிரேக், கார்புரேட்டர், வயரிங் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ மட்டும் கேட்டு வாங்குங்கள்.

தொலைவில் இருந்தால், இந்த மாடல் தெரிந்த ஆளை அந்த ஊரிலேயே பிடித்துக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் விலகிவிடுங்கள். டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரத்தில்) அவர் பெயரும் சரியான விஐஎன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம்கூட அனுப்பாதீர்கள். எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் சேவை) லிங்க்கை அவர் அனுப்பினால் தொடாதீர்கள், தளத்தை நீங்களே தேடிப் போங்கள்.

விலை பேசும்போது, கேட்ட விலையை விட்டுவிட்டு விற்று முடிந்த விலைகளோடு ஒப்பிடுங்கள். ப்ரிங் எ டிரெய்லர் என்ற ஏலத் தளத்தில் முடிந்த ஏலங்கள் எல்லாம் பார்க்கக் கிடைக்கும். கடைசியில் அது குளோன் (எஸ்எஸ் போல மாற்றிய சாதாரணக் கார்) என்று தெரிந்தாலும் கார் திடமாக இருந்து, ஓட்டி மகிழத்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம், குளோன் விலைக்கு. விற்பனை ரசீதில் அதை அப்படியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவருக்கும் அது தெரிய வேண்டும்.