முதல் ஆட்டோகிராஸ்: காரில் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

முதல் ஆட்டோகிராஸுக்குச் சொந்த ஹெல்மெட்கூட இல்லாமல் என் பழைய கொரோல்லாவில் போய் நின்றேன். அதுவரை அந்தக் கார் செய்த பெரிய சாகசம், ஞாயிற்றுக்கிழமை காஸ்ட்கோ பல்பொருள் கடையில் பார்க்கிங் பிடித்ததுதான். என்னைப் போலவே புதிதாக வந்த இன்னொருவர் டயர், ஸ்பிரிங், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். சாயங்காலம் நேரப் பட்டியலைப் பார்த்தால், கடைசி இரண்டு வரிகளில் நாங்கள் இருவரும்!

தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்பது பெரிய பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு கோன்களை வைத்துப் பாதை போட்டு, கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்பி நேரம் பார்ப்பது. ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் இரண்டாவது கியர்தான், வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடுவதே அபூர்வம். 1944இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா (சுருக்கமாக எஸ்சிசிஏ) இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. இந்தியாவில் இதே பெயரில் நடப்பவை பெரும்பாலும் மண் தரைப் போட்டிகள், அது வேறு கலை.

காசை முதலில் காரில் கொட்டுவது புதியவர்கள் பலர் செய்யும் தவறு. வேகம் கூடாதது மட்டுமல்ல, கார் போட்டியிடும் வகுப்பும் மாறிப்போகும். எஸ்சிசிஏ விதிப்படி, கிட்டத்தட்ட கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கு 'ஸ்ட்ரீட்' வகுப்பு. ஸ்பிரிங்கை மாற்றினாலோ இன்ஜின் கம்ப்யூட்டரில் கை வைத்தாலோ அதிலிருந்து வெளியே. பிறகு நன்றாகத் தயார் செய்த கார்களோடு, பல வருடம் ஓட்டியவர்களோடு மோத வேண்டும். முதல் வருடம் டயரைக்கூட மாற்றாதீர்கள். சாதாரண டயர் வழுக்கத் தொடங்கும்போது கீச்சிட்டு எச்சரிக்கும், அந்தச் சத்தம்தான் முதல் வாத்தியார். உயரமான எஸ்யூவியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கவிழும் அபாயம் இருப்பதால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது வண்டியைக் காலி செய்யாமல் போவது. காலைப் பரிசோதனையில் வீல் நட் இறுக்கம், பேட்டரி ஆடுகிறதா, பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். வீல் கப்பைக் கழற்றச் சொல்வார்கள். என் காரில் பரிசோதகர் டாஷ்போர்டைக் காட்டி, "இது ஒட்டியிருக்கிறதா?" என்று கேட்டார். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய பிள்ளையார். ஒட்டித்தான் இருந்தார், ஆனால் வெயிலில் பசை இளகியிருந்தது. அவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். உண்மையான ஆபத்து சீட்டுக்கடியில் இருந்தது: என்றோ உருண்டுபோன தண்ணீர் பாட்டில். வளைவில் அது முன்னால் வந்து பிரேக் பெடலுக்கடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேட், ஜாக்கி, குடை, குழந்தை சீட் எல்லாம் வெளியே போகட்டும். பெட்ரோலை மட்டும் குறைக்காதீர்கள். கால் டேங்கோடு நீண்ட வளைவில் போனால், பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறலாம்.

காற்று விஷயத்தில் முன்சக்கர இழுவைக் காருக்கு, கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவைவிட முன் டயரில் சில பிஎஸ்ஐ கூட வைத்துத் தொடங்கலாம். டயரின் தோளில், அதாவது தரையைத் தொடும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் விளிம்பில், சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஓடிவிட்டு வந்து பார்த்தால், கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. தோள் வரைகூட அழியாவிட்டால் காற்று அதிகம்.

பாதையைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க காலையில் நேரம் தருவார்கள். புதியவர்கள் அதைக் கதை பேசிக்கொண்டே ஒருமுறை சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். மூன்று முறையாவது நடங்கள், ஒருமுறையாவது தனியாக. குழப்பமான இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். நின்றால் பளிச்சென்று தெரியும் பாதை, காரில் உட்காரும் உயரத்தில் வெறும் ஆரஞ்சுக் காடாகிவிடும். வழி தவறி, இரண்டு கோன்களுக்கிடையே புகுந்து போக வேண்டிய ஒரு வாசலை விட்டுவிட்டால் அந்த ஓட்டம் கணக்கிலேயே வராது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கண்ணில் இருக்கிறது. மூன்றாவது ஓட்டத்தில் ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற மனிதர், மியாட்டா என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். கோன்களுக்கிடையே இடம் வலமாக வளைந்து போகும் ஸ்லாலம். நான் முதல் கோனை இடித்துவிடக் கூடாதே என்று அதையே முறைத்தேன். தாண்டினேன், ஆனால் தாண்டிய பிறகுதான் அடுத்தது கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கைத் தாமதமாகத் திருப்பினேன். மூன்றாவதுக்கு இன்னும் தாமதம். நான்காவது காருக்கடியில் டபடபவென்று உருண்டது. அவர் கத்தவில்லை. "நீ கடக்கும் கோன் முடிந்துபோன விஷயம். அடுத்ததற்கும் அடுத்ததைப் பார்," என்றார். அடுத்த ஓட்டத்தில் ஒவ்வொரு கோனுக்கும் சற்று முன்பே திருப்பத் தொடங்கினேன். கார் தானாக வரிசையில் விழுந்தது. அதே கார், அதே டயர், இரண்டு வினாடிக்கு மேல் குறைந்தது. இடித்த கோன் ஒன்றுக்கு இரண்டு வினாடி தண்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோன் நகர்ந்தாலும் நின்றபடியே, சுற்றி வரைந்த கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தப்பித்தீர்கள்.

கை கால் தவறுகள் இரண்டு. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, கார் திரும்பாமல் நேராக வழுக்கும்போது ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவது ஒன்று. ஏற்கெனவே பிடி இழந்த டயரை மேலும் திருப்பினால் பிடி வராது. ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முன்பக்கம் மறுபடி கடிக்கும். மற்றது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தடதடவென்று காலை உதைத்ததும் பயந்து பிரேக்கை விடுவது. அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்யும் சத்தம், அழுத்திக்கொண்டே இருங்கள்.

ஓடி முடித்ததும் நிழலில் உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். விழுந்த கோனை எடுத்து வைப்பதும் வேலைதான், எல்லோருக்கும் முறை வரும். பாதைக்கு முதுகு காட்டி நிற்பதும் போனைப் பார்ப்பதும் அங்கே பெரிய குற்றம். நானும் தொப்பி இல்லாமல் போய் கழுத்து வெந்து வந்தவன்தான்.

இன்ஷூரன்ஸையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இந்தியாவில் தனியார் கார் பாலிசிகளிலேயே ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு. அமெரிக்கப் பாலிசிகளில் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் கூட்டி வைத்த காற்றைக் குறைத்து, வீல் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். மைதானத்தின் வாசலைத் தாண்டியதும் டயரைக் கீச்சிட வைக்கும் ஆசை வரும், நாள் முழுக்க ஏறிய மப்பு அது. அக்கம்பக்கத்தில் ஒரு புகார் போனால் மைதானத்துக்காரர் அடுத்த மாதம் இடம் தர மாட்டார். கிளப்புகள் இப்படித்தான் நல்ல நல்ல மைதானங்களை இழக்கின்றன.