கீரைத் தோட்டத்தில் கூட்டெருவை ஏற்கவைப்பது எப்படி

கூட்டெரு (உக்கவைத்த குப்பை எரு) போடும்படி ஒரு கீரை விவசாயியிடம் பேசப் போகிறீர்களென்றால், முதலில் காணி யாருடையது என்று கேளுங்கள். கொழும்புக்குக் கிட்டவுள்ள பிலியந்தலைப் பக்கம் கீரை போடுபவர் குத்தகைக்காரரானால், மண் தேறும் பலன் அடுத்தவருக்குப் போய்விடுமோ என்று தயங்குவார். நியாயமான தயக்கம்தான். குத்தகை இரண்டு மூன்று வருடத்துக்கு எழுதப்பட்டால்தான் பேச்சுக்கே இடமுண்டு.

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கியது. அந்த அடியை விவசாயி மறக்கவில்லை. யூரியாவை முழுதாகக் கைவிடச் சொல்லாதீர்கள்.

ஒரேயொரு பாத்தி போதும். நடுவதற்கு ஒரு கிழமை முன் சதுர மீற்றருக்கு 1 கிலோ கூட்டெருவை மண்ணோடு கலக்கவேண்டும். பக்கத்துப் பாத்தி அவர் வழக்கப்படியே இருக்கட்டும். இரண்டிலும் வெட்டும் கீரையை அவரே நிறுத்து, பசளைச் செலவையும் கூலியையும் கொப்பியில் எழுதட்டும்.

பெரும்பாலும் காலை வாருவது எருதான். குவியலுக்குள் சூடும் நாற்றமும் இருந்தால் அது இன்னும் உக்கவில்லை. அப்படியே போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனை இழுத்துக்கொள்ள, கீரை மஞ்சளாகும். அதைக் கண்ட அயலவர் பிறகு கிட்டவும் வரமாட்டார். நகரக் குப்பையில் செய்த எருவென்றால் கண்ணாடி, பிளாஸ்டிக் துண்டுகளைச் சலித்தெடுங்கள்.

கூட்டெரு போட்ட கீரைக்குக் கூடுதல் விலை கிடைக்குமென்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாங்குபவர் உறுதியாகும்வரை கொப்பிக் கணக்கை மட்டும் காட்டுங்கள்.