த்ரீ-நாட்-த்ரீ போல்ட் இறுகிக்கொண்டால்

கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கை மகன் பழைய ரைஃபிள் ஒன்று வாங்கினான். அதே டொராண்டோவின் மேற்குக் கோடியில், லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில், இரண்டாம் உலகப் போரின்போது செய்த லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 ஸ்டார், த்ரீ-நாட்-த்ரீ என்று நாம் சொல்லும் .303 ரைஃபிள். வீடியோ காலில் வந்து, "மாமா, போல்ட் அசையவே மாட்டேங்குது, ஒரு சுத்தியல் எடுக்கட்டுமா?" என்றான். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தண்டு. சுத்தியலைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு வா என்றேன். ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்த காலமெல்லாம் என் கையில் புழங்கியது இஷாப்பூரில் செய்த நம்பர் 1. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் போல்ட்டைக் கழற்றும் விதம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உள்ளே ரவுண்டு (தோட்டா) இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரன் காலி என்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது. ஆளில்லாத திசையில் முனையை வைத்து, தோட்டாக்கள் இருக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள். ரேஞ்சில் விசையை இழுத்தும் வெடிக்காமல் இறுகிய துப்பாக்கி என்றால், முனை இலக்கைப் பார்த்தபடியே ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.

போல்ட் மூடியிருக்க, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதற்கு ஒரு கம்பு போதும். மெல்லிய மரக்குச்சியை முனை வழியாக மெதுவாக விடுங்கள். முகமும் உள்ளங்கையும் குச்சிக்கு நேரே இருக்கக் கூடாது. முனையோடு சேர்த்துக் குச்சியில் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். இந்த ரைஃபிளின் குழல் 25.2 அங்குலம். குச்சி 25 அங்குலத்தை ஒட்டிப் போனால் சேம்பர் காலி, இல்லையென்றால் சுட்ட எம்டி கேஸ் (காலி பித்தளைக் கூடு). தோட்டாவின் நீளம் ஏறக்குறைய 3 அங்குலம். ஆகவே 22 அங்குலத்திலேயே குச்சி முட்டி நின்றால் உள்ளே உயிருள்ள ரவுண்டு இருக்கிறது. அப்போது தட்டவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். நேராகத் துப்பாக்கி ரிப்பேர் செய்பவரைக் கூப்பிடுங்கள். இவனுடைய குச்சி 25-க்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து, போல்ட் பிடி மேலே எழவே இல்லையா, எழுந்தும் பின்னால் வரவில்லையா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய். எழவே இல்லை என்றால், பல நேரம் காரணம் அற்பம். இடது பக்கம் இருக்கும் சேஃப்டி பின்னால் கிடந்தால் போல்ட் பூட்டிக்கொள்ளும், முன்னால் தள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் காக்கிங் பீஸைக் கவனியுங்கள். முழுக்க முன்னாலும் போகாமல், முழுக்கப் பின்னாலும் வராமல் நடுவில் நிற்கிறதா? அது ஹாஃப் காக். விசையும் வேலை செய்யாது, போல்ட்டும் திறக்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு காக்கிங் பீஸை 'டக்' என்று சத்தம் வரும்வரை பின்னால் இழுங்கள். அவ்வளவுதான். ரெண்டு நாளாக அவன் காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்! இப்போது துப்பாக்கி காக் ஆகி, சுடத் தயாராக இருக்கிறது, விசைப் பக்கம் விரல் போகக் கூடாது.

பிடி எழுந்தது, பாதி தூரம் வந்து மறுபடி நின்றது. காமிராவைக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். போல்ட் ஓடும் பள்ளத்தில் கிடங்கில் வைக்கும்போது பூசிய கிரீஸ், பழைய வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து வைத்து ஓரிரவு ஊறவிடுங்கள். மரக்கட்டையில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அடம்பிடித்தால் மரச்சுத்தியால், பிடியின் குமிழில் அல்ல, அடித்தண்டில் மெதுவாகத் தட்டலாம். அதுவும் சேம்பர் காலி என்று உறுதியான பிறகுதான்.

சுட்ட கேஸ் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் சேம்பரில் துருவும் அழுக்கும்தான். பழைய ரவுண்டுகளின் பிரைமர் (அடியில் இருக்கும் பற்றவைப்பு மருந்து) உப்பு விட்டுப்போகும், அது ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் சுட்டு முடிந்ததும் குழலில் கொதிநீர் ஊற்றுவார்கள். பிறகு கந்தல் துணியால் உலர்த்தி எண்ணெய் போடுங்கள். ஆனால் மறுபடி சுடும் முன் சேம்பரை எண்ணெயில்லாமல் துடைத்தே ஆக வேண்டும். எண்ணெய் இருந்தால் கேஸ் சுவரைப் பிடிக்காமல் மொத்த உதையும் போல்ட்டின் மேல் விழும்.

இனி கழற்றுவது. நம்பர் 1-இல் போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுத்து, போல்ட் ஹெட்டை, அதாவது அதன் முன்னால் திருகியிருக்கும் தலைத்துண்டை, மேலே தூக்க வேண்டும். மார்க் 1 ஸ்டாரில், ஹெட் ஓடும் தடமான ரெயிலில் ஒரு வெட்டு இருக்கும், முழுக்கப் பின்னால் போவதற்குச் சற்று முன்பே. ஹெட் அந்த இடத்துக்கு வந்ததும் தூக்குங்கள். நான் பழக்கதோஷத்தில் "முழுக்க இழுடா" என்று சொல்லி அவனைக் கால் மணி நேரம் அலையவிட்டேன். அந்த வெட்டின் முன்னோரம் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மாடலுக்கே உள்ள வியாதி அது: உடைந்தால் இழுக்கும்போதே ஹெட் ரெயிலை விட்டுக் குதித்துச் சிக்கிக்கொள்ளும்.

திரும்பப் பூட்டும்போது ஹெட்டைக் கடைசிவரை முறுக்க மறக்காதீர்கள். போல்ட் பிடியின் பின்புறம் இருக்கும் எண்ணும் உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இவனுடையதில் கடைசி மூன்று இலக்கங்கள் ஒத்துவரவில்லை, யாரோ வேறு துப்பாக்கியின் போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, 0.074 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கேஜ் (அளவுக்கருவி) வைத்து ஒருவர் பார்க்கும்வரை ஒரு ரவுண்டுகூடப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறானாம்.